அக்கறைக்குப் பெரிய ‘ற’

இளைஞர்களுக்குத் தலைவராக இருப்பவருக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கு இளைஞர் உயர்நெறிப் பேரவையின் தலைவர் ஞானசிகாமணி ஐயாவுக்கு அந்த வயது ஆகியிருந்தது. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். மண்டியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்தவர் பிள்ளைகளை முன்னேற்ற வந்திருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். யார் பேசினாலும் கேட்கவும் மாட்டார்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். ஊர் இந்தக் கரையில், வயலெல்லாம் அந்தக் கரையில், நடுவில் ஆறு. பாலத்தில் போக வேண்டுமென்றால் உத்தமபாளையத்தைச் சுற்ற வேண்டும். நடவுக்குப் போகிற பெண்கள் அப்படிச் சுற்றிப் போனால் வெயில் ஏறிவிடும், அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஆற்றில் இறங்கித்தான் போவார்கள். ஆனி மாதம் மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இடுப்புக்கு மேல் வரும். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரு வருஷம் அப்படி இறங்கியவர்களில் ஒரு பெண் கை நழுவிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் கடை பொன்னுராஜும் டீக்கடை சேக் தாவூதும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கிணறுகளுக்கு மோட்டார் வந்தபின், மாடு பூட்டி நீர் இறைத்த கமலை வடங்கள் சும்மா கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, இந்தக் கரை மருத மரத்திலிருந்து அந்தக் கரைக் கல்தூண் வரைக்கும் இழுத்துக் கட்டினார்கள். பெண்கள் போகும்போதும் வரும்போதும் லாரி டியூபில் காற்றடித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் கரையில் நிற்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, கொடி இல்லை. அதனால் ஒழுங்காக நடந்தது.

வடம் தென்னை நார். எத்தனை நாளைக்குத் தண்ணீரைத் தாங்கும்? முதலில் கவனித்துச் சொன்னவள் பொன்னுராஜின் மனைவி சண்முகத்தாய். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் அவள்தான். மற்ற பெண்களை முன்னால் இறங்கவிட்டு, அவள் எப்போதும் கடைசியில் இறங்குவாள்.

“ஏங்க, நடு முடிச்சுகிட்ட நார் பிரிஞ்சு நிக்குது. கைய வச்சா கையோட வருது. அடுத்த தண்ணி தொறக்கதுக்குள்ள புது வடத்துக்கு வழியப் பாருங்க” என்றாள்.

தேனியில் பேரவை என்று ஒன்று இருக்கிறது, இளைஞர் மன்றங்களுக்குப் பந்து, கேரம் போர்டு எல்லாம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பந்து கொடுக்கிறவர்கள் வடம் கொடுக்கமாட்டார்களா என்று பொன்னுராஜும் தாவூதும் பஸ் ஏறினார்கள்.

பேரவை அலுவலகம் கடைவீதியில் ஒரு கமிஷன் கடைக்கு மாடியில் இருந்தது. செயலாளர் வைகுண்டராஜ் சஃபாரி சட்டையில் உட்கார்ந்திருந்தார். வடக்கே எங்கேயோ தலைமைப் பயிற்சிக்குப் போய் வந்தவர். அங்கிருந்து வந்தபின் வீட்டில்கூட மேடைத் தமிழ்தான் பேசுகிறார் என்று கேள்வி.

“உங்கள் மன்றத்தின் பெயர்?” என்றார்.

“பேரு வைக்கலீங்க” என்றான் பொன்னுராஜ்.

“பெயர் இல்லாமல் எப்படிச் சேவை செய்கிறீர்கள்?”

பொன்னுராஜ் யோசித்தான். அதுவரை அது ஒரு சிரமமாக அவனுக்குத் தோன்றியதில்லை.

“போகட்டும். ஒரு மன்றம் என்றால் மூன்று வேண்டும். விழுமியம், பணிக்குறிக்கோள், தொலைநோக்கு. உங்கள் விழுமியம் என்ன?”

பொன்னுராஜ் தாவூதைப் பார்த்தான். தாவூது சொன்னான்: “விழுந்தா புடிக்கத்தேன் சார் வடம் கேட்டு வந்திருக்கோம்.”

வைகுண்டராஜ் கண்ணை மூடித் திறந்தார். “சரி. தொலைநோக்கு?”

“அக்கரைக்குப் போகணும் சார். போன பொம்பளைக திரும்பி வரணும்.”

“அக்கரை கண்ணெதிரே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் அது தொலைநோக்கு ஆகாது. பணிக்குறிக்கோள்?”

“அதுவும் இதுதேன் சார்.”

“இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஒன்றாக இருந்தால் தனித்தனியாக எதற்குக் கேட்கப்போகிறோம்?”

வைகுண்டராஜே ‘முல்லை இளைஞர் உயர்நெறி மன்றம்’ என்று பெயர் வைத்தார். பொன்னுராஜ் தலைவர், சேக் தாவூது செயலாளர் ஆனார்கள். வடம் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது சும்மா போன இரண்டு பேரும் பதவியோடு ஊர் திரும்பினார்கள்.

மனுவுக்குப் பதில் வந்தது. மதநல்லிணக்கம் பேரவையின் உயிர்நாடி என்றும், வடம் என்பது தேர் இழுக்கும் சமயச் சடங்குக்கு உரியது என்றும், அதற்குப் பேரவை உதவ இயலாது என்றும், இஸ்லாமிய அன்பர் ஒருவரைச் செயலாளராக வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டது மனத்தை வருத்துகிறது என்றும் எழுதியிருந்தது.

தாவூது அதை வாசித்துவிட்டு, “அப்ப என்னாலதேன் கெட்டுப்போச்சா மாப்ள?” என்றான்.

சண்முகத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆத்துக்குள்ள எங்கிட்டுண்ணே ஓடுது தேரு? வீரபாண்டித் திருவிழாவுக்கா கேட்டோம்? கயிறுன்னு எழுதிப் போடுங்க. கயித்துக்குச் சாமி கிடையாது” என்றாள்.

கயிறு என்று எழுதிப் போட்டார்கள். கயிறும் வந்தது. சுண்டுவிரல் பருமனில் வெள்ளைக் கயிறு. அதோடு பேரவையின் கொடி. பேரவையின் விதிகளில் கயிறு என்று ஒன்றுதான் உண்டு, அது கொடிக்கயிறு. பொன்னுராஜ் மறுபடி தேனிக்குப் போய், இது இல்லை சார், பெருசு, மனுசர் பிடிக்கிறது என்று கையை விரித்துக் காட்டினான். வைகுண்டராஜ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, “பொருளைக் கேட்கிற கட்டத்திலேயே நிற்கிறீர்கள். முகாமுக்கு வாருங்கள்” என்றார்.

முகாம் மேகமலையில் நடந்தது. சின்னமனூரிலிருந்து ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ரோட்டின் குலுக்கலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், அதை மனஉறுதிப் பயிற்சி என்றார்கள். எஸ்டேட் பங்களாவில் தங்கல். சன்னல் வழியாகப் பார்த்தால் கீழே தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீடுகள் தெரியும். மழையில் ஒழுகுகிற தகரத்துக்கு மேல் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழ்மையை ஒழிப்பது பற்றிய வகுப்பு நடக்கும்போது கவனம் சிதறும் என்று சன்னலை மூடிவிட்டார்கள்.

ஆற்றைக் கடக்கும் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். பொன்னுராஜுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. பங்களாவுக்கு முன்னால் புல்வெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு கிழித்திருந்தார்கள். அதுதான் ஆறு. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். புத்தம் புது நைலான் கயிறு, அவன் மணிக்கட்டுப் பருமன், நீலமும் வெள்ளையுமாக முறுக்கி, ஒரு நார்கூடப் பிசிறில்லாமல் இருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். முழு பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தான். நம்பவே முடியவில்லை அவனுக்கு.

ஒவ்வொருவரும் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு கோட்டிலிருந்து கோட்டுக்குக் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். எல்லாரும் நடந்து தேறினார்கள். பொன்னுராஜ் மட்டும் தோற்றுப்போனான். நடக்கும்போது அடிக்கொருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்தானாம்.

“எதற்குத் திரும்பினீர்கள்?” என்று வைகுண்டராஜ் கேட்டார்.

“பின்னால வர்றவுக வந்துட்டாகளான்னு பாத்தேன் சார்.”

“தலைவன் பின்னால் பார்க்கக் கூடாது. அவன் பார்வை முன்னால் மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் தொலைநோக்கு.” கூட்டம் கை தட்டியது.

அன்று சாயங்காலம் கயிற்றைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றும்போது பொன்னுராஜ் பக்கத்தில் போய் நின்றான். “சார், முகாம் முடிஞ்சிருச்சுல்ல. இந்தக் கயித்தை எங்க ஊருக்குக் குடுத்தீகன்னா…”

“அது பயிற்சிக் கயிறு. அதில் ஆறு கடந்தால் நனைந்துவிடும்” என்றார் வைகுண்டராஜ்.

பிறகு, முகம் தொங்கிப்போனவனைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்ததோ என்னவோ, ஒரு வழி சொன்னார். ஆனி மாதம் தொலைநோக்கு நாள் விழா வருகிறது. அந்த வருஷம் அதை எங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம். விழாவில் ஞானசிகாமணி ஐயா விழுமியப் பலகையைத் திறந்துவைப்பார். திறந்ததும் மைக்கில், மன்றத்துக்குப் பெருங்கயிறு வழங்கப்படும் என்று அறிவிப்பார். ஐயா மைக்கில் சொன்னதை எந்தக் காலத்திலும் மாற்றியதில்லை.

பொன்னுராஜ் அதை நம்பினான். வேறு எதைத்தான் நம்புவான்?

விழாவுக்கு முதல் நாள் பலகை வந்து இறங்கியது. மருத மரத்தடியில் நட்டார்கள். தேனியில் பெரிய ஆர்ட்டிஸ்ட் எழுதினது. பச்சைத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. ‘எமது விழுமியங்கள்: நேர்மை, துணிவு, ஒற்றுமை, அக்கரை’ என்று இருந்தது.

தாவூது உற்றுப் பார்த்துவிட்டு, “கடைசியில பெரிய ற-ல்ல போடணும்? சின்ன ர போட்டுவச்சிருக்கான்” என்றான்.

அன்றைய நடவு முடிந்து ஈரச் சேலையோடு கரை ஏறி வந்த சண்முகத்தாயும் நின்று படித்தாள். அஞ்சாவது வரை பள்ளிக்கூடம் போனவள். “இல்லண்ணே, சரியாத்தேன் எழுதியிருக்கான். பெரிய ற போட்ட அக்கறைய வச்சு நாங்க என்ன செய்ய? எங்களுக்கு அந்தா இருக்குல்ல, அந்த அக்கரை போதும். போயிட்டு உசுரோட வந்தாச் சரி” என்றாள். பொன்னுராஜைப் பார்த்து, “நாளைக்கு எப்படியும் கயிறு சொல்லிருவாகள்ல?” என்று கேட்டாள்.

“சொல்லிருவாக தாயி” என்றான்.

மறுநாள் விடியலில் பெண்கள் வடத்தைப் பிடித்து அக்கரைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வைகுண்டராஜ் வந்தார். மேடையை ஆற்றுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் போட்டோவில் பின்னால் ஆறு விழும். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். “அந்தப் பழைய கயிறு ஐயாவின் கழுத்துக்குக் குறுக்கே விழுகிறது. அவிழ்த்துவிடுங்கள்” என்றார்.

“பொம்பளைக அக்கரையில இருக்காக சார்” என்றான் பொன்னுராஜ்.

“எப்போது திரும்புவார்கள்?”

“வெயில் சாய.”

“விழா மதியத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் கட்டிக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை நாளைக்கு? புதுக் கயிறுதான் வரப்போகிறதே.”

ஆனிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வழியில் நட்டிருந்த அலங்கார வளைவு ஆடிக்கொண்டே இருந்தது. அவிழ்த்த வடத்தைக் கொண்டுவந்து வளைவை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். பேரவை எங்கள் வடத்துக்குக் கொடுத்த முதல் வேலை அதுதான்.

மதியத்துக்குள் முடிய வேண்டிய விழாவுக்கு ஐயா மதியம் தாண்டி வந்தார். போடியில் ஒரு காதுகுத்து. வந்தவுடன் கொடியேற்றம், உறுதிமொழி, பொன்னாடை. பொன்னுராஜை மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கால்சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தான். அவ்வப்போது ஆற்றுப் பக்கம் திரும்பினான். திரும்பும்போதெல்லாம் வைகுண்டராஜ் அவன் முட்டியைத் தட்டினார்.

ஐயா பேச எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“நான் இந்த ஊருக்கு வருவது இதுவே முதல் முறை” என்று ஆரம்பித்தார். “ஆனால் மனக்கண்ணால் இந்த ஊரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பவன் தொண்டன், மனக்கண்ணால் பார்ப்பவன் தலைவன். இந்த மன்றத்தினர் முதலில் என்னிடம் கேட்டது ஒரு கயிறு. நான் கொடுக்கவில்லை. ஏன்? கொடுத்திருந்தால் கயிற்றோடு நின்றிருப்பார்கள். இன்று பாருங்கள், இவர்களிடம் விழுமியம் இருக்கிறது, பலகை இருக்கிறது, கொடி இருக்கிறது…”

நானும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நேரே மேடை, மேடைக்குப் பின்னால் ஆறு, அதற்கப்பால் அக்கரை. பெண்கள் கல்தூண் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. தூணில் வடம் இல்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். காற்றுக்கும் மைக்குக்கும் நடுவே என்ன கேட்கும்? தண்ணீர் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? வடம் கட்டுவதற்கு முந்தைய பழக்கம்தான் கை கொடுத்தது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தார்கள். இறங்கினார்கள். கடைசியில் சண்முகத்தாய் இறங்கினாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு இரண்டு பேர். பிறகு கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

ஐயா நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மரியாதையை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, “அமருங்கள், அமருங்கள், இது எனக்குச் சேர வேண்டியது அல்ல, தொலைநோக்குக்குச் சேர வேண்டியது” என்றார்.

பொன்னுராஜ் எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். வைகுண்டராஜ் அவன் சட்டையைப் பிடித்து, “ஐயா பேசும்போது எழக்கூடாது” என்றார். சட்டை கிழிந்தது. அவன் மேடையிலிருந்து பின்பக்கமாகக் குதித்துவிட்டான்.

தாவூது டியூபோடு முன்னமே தண்ணீரில் இருந்தான். வளைவுப் பக்கம் ஓடியவர்களால் வடத்தின் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அரிவாளை எடுத்து வெட்டினார்கள். வளைவு சரிந்து ஐயாவின் கார் மேல் விழுந்தது. நடு முடிச்சில் பிரிந்து நின்ற வடம் இழுத்த இழுப்பில் அந்த இடத்திலேயே இரண்டாக அறுந்தது. எந்தத் துண்டும் ஆற்றின் பாதிக்குக்கூட எட்டவில்லை.

முன்னால் வந்த பெண்களை எல்லாம் கரையேற்றிவிட்டார்கள். கரையேறியவர்கள் அழுதுகொண்டே ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். நடு ஆற்றில் வரிசை ஆட்டம் கண்டதும், மற்றவர்கள் தன்னோடு இழுபடாமல் இருக்கட்டும் என்று கடைசியில் இருந்தவள் தானே கையை விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் வீரபாண்டிக்கு மேலே நாணல் புதரில் சண்முகத்தாய் கிடைத்தாள். பொன்னுராஜ் கிழிந்த சட்டையோடுதான் போய்த் தூக்கி வந்தான்.

பேப்பரில் செய்தி வந்தது. ‘விழா வளைவு சரிந்தது, இளைஞர் தலைவர் உயிர் தப்பினார்’ என்று தலைப்பு. கீழே கடைசி வரியில், இதே பகுதியில் ஆற்றைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார் என்று இருந்தது. பெயர் இல்லை. பலகைக்குப் பக்கத்தில் ஐயா நிற்கும் போட்டோவும் போட்டிருந்தார்கள்.

பேரவை இரங்கல் கூட்டம் நடத்தியது. பொன்னுராஜைத் தேனிக்கு வரவழைத்துச் சால்வை போர்த்தினார்கள். ஐயாவுக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை, அவர் எப்போதுமே தன் பேச்சில் தானே உருகுகிறவர். “துணிவு, ஒற்றுமை என்று நாம் பலகையில்தான் எழுதினோம். அந்தச் சகோதரி தண்ணீரில் எழுதிக் காட்டினாள். அவள் உறுப்பினராக இல்லாதது ஒன்றுதான் குறை. இன்றே சேர்த்துக்கொள்கிறோம்” என்றார். எல்லாரும் கை தட்டி, இரங்கல் கூட்டம் என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

கூட்டம் கலையும்போது பொன்னுராஜ் ஐயாவின் முன்னால் போய் நின்றான். “ஐயா, கயிறு” என்றான்.

ஐயா வைகுண்டராஜைப் பார்த்தார்.

“இந்த நேரத்தில் கயிறு கொடுத்தால், கயிறு இல்லாததால்தான் சாவு நேர்ந்தது என்று நாமே சொன்னதுபோல் ஆகும். நேர்மை நம் முதல் விழுமியம். நமக்குத் தோன்றாத ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள முடியாது” என்றார் வைகுண்டராஜ்.

ஐயா பெருமூச்சு விட்டார். பிறகு மேசையில் கிடந்த பேப்பரைக் கையில் எடுத்து, போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் தெரிந்தது.

“என்னய்யா இது, அக்கறைக்குச் சின்ன ர போட்டு வைத்திருக்கிறீர்கள்? பள்ளத்தாக்கு முழுக்கப் பேப்பர் படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஒரு எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்று தெரியாதா? தாமதம் கூடாது. நாளைக்கே ஆள் போகட்டும்.”

ஐயா சொன்னால் நடக்காமல் இருக்குமா? மறுநாள் காலையிலேயே ஜீப் வந்தது. ஏணி, மஞ்சள் பெயின்ட், பச்சை பெயின்ட், தூரிகை, ஆர்ட்டிஸ்ட் எல்லாம் வந்து இறங்கின. ஏணியை வண்டி மேல் கட்டிவர நீலமும் வெள்ளையுமான நைலான் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். ஏணியை அவிழ்த்தபின் அதைப் பத்திரமாகச் சுருட்டி ஜீப்புக்குள் வைத்தார்கள்.

ஆர்ட்டிஸ்ட் சின்ன ர-வைப் பச்சையால் மூடி, காய்ந்ததும் அதன் மேல் பெரிய ற எழுதினார். கீழே இறங்கி, மருத மரத்தடியில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பொன்னுராஜைக் கேட்டார்: “இப்பச் சரியா இருக்காண்ணே, பாத்துச் சொல்லுங்க.”

பொன்னுராஜ் நிமிர்ந்து பார்த்தான். “முன்ன இருந்ததுதேன் சரி” என்றான்.

ஆர்ட்டிஸ்டுக்குப் புரியவில்லை. பலகையை ஒருதரம் மறுபடி வாசித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அக்கரையில் நடவு இன்னும் முடியவில்லை. பெண்கள் சேலையை வரிந்து கட்டி, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கட்டும் என்று நின்றிருந்துவிட்டு, பொன்னுராஜ் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியில் இறங்கினான்.